பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டுக் கேட்பது: ஸ்பீக்கர் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன் நகரத்தில் மின்னுபகரணக் கடை ஒன்றுக்குள் போய், "வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு செட் வேண்டும்" என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது இடுப்பளவு உயரமான ஒரு பெட்டிதான். முன்பக்கத்தில் நிறம் மாறும் விளக்குகள், பெரிய எழுத்தில் வாட்ஸ் எண்ணிக்கை, கடை வாசலைத் தாண்டி வீதிவரை அதிரும் பேஸ். தோட்ட லயம் ஒன்றில் வாழும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமற்ற பொருள் அந்தக் கடையில் வேறு இருக்க முடியாது.

ஊடகக் கற்கை படித்தபோது ஒலிப்பதிவு கூடத்தில் ஸ்பீக்கர்களை எப்படித் தெரிவு செய்வது, எங்கே வைப்பது என்பதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தப் பாடங்களும், இணையத்தில் வரும் ஒப்பீடுகளும், கம்பளம் விரித்த, தனிச்சுவருள்ள, பெரிய அறைகளை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. மலையகத்தின் லயன் காம்பராவுக்கும், போருக்குப் பின் வன்னியில் கட்டப்பட்ட சிறிய சீமெந்து வீடுகளுக்கும் அவற்றை அப்படியே பொருத்த முடியாது. இந்தக் கட்டுரை அப்படியான வீடுகளுக்கானது. இதில் நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: சிறிய அறையில், பொதுச்சுவர் உள்ள வீட்டில், குறைந்த சத்தத்திலும் குரலைத் தெளிவாகத் தரும் இரண்டு சிறிய பெட்டிகளே நல்ல தெரிவு.

அறை என்ன செய்கிறது?

தோட்டத்து லயன் அறை என்றால் பொதுவாக பத்துக்குப் பன்னிரண்டு அடி. சீமெந்துத் தரை, வெறும் சுவர், தகரக் கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலியோடு, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்கிறது. பாடகரின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போலத் தோன்றுவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பேஸில் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் பயணிக்கிறது. 12 அடி என்பது 3.66 மீற்றர். இந்த நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ் ஒலி தானாகவே பெருகும். 10 அடி அகலத்தில் அது ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸ். அதாவது, இந்த அறை தானே ஒரு பெரிய பேஸ் பெட்டியாக வேலை செய்கிறது. அதற்குள் ஒரு சப்வூபரைக் கொண்டுவந்து மூலையில் வைத்தால், மூலை அந்தப் பேஸை மேலும் கூட்டும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டொம் டொம்" என்று கேட்பதற்குக் காரணம் பாட்டு அல்ல, அறை.

அடுத்தது பொதுச்சுவர். கல், சீமெந்துச் சுவர்கள் உயர்ந்த சுருதி ஒலிகளை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகத் தடுக்காது. அதனால்தான் பக்கத்துக் காம்பராவில் ஓடும் பாட்டின் சொற்கள் கேட்காவிட்டாலும் அதிர்வு நமக்கு வருகிறது. சில பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை போவதே இல்லை. அங்கே எல்லா ஒலியும் மேலால் கடந்துவிடும்.

சுவருக்கு அப்பால் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். நோயாளி இருக்கலாம். விடிய எழும்பி மலைக்குப் போக வேண்டிய ஒருவர் இருக்கலாம். லயத்தில் ஒரு இழவு விழுந்தால் அந்த வரிசையில் பாட்டுப் போடுவதில்லை என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். எனவே குறைந்த சத்தத்தில் நன்றாகக் கேட்பது என்பது வசதி சம்பந்தப்பட்ட விடயம் மாத்திரம் அல்ல, அயலவருக்குக் காட்டும் மரியாதையும்தான்.

வாட்ஸ் கணக்கு

பெட்டியில் எழுதியிருக்கும் "பிஎம்பிஓ" வாட்ஸ் எண்ணை மறந்துவிடலாம். அதற்கு ஒழுங்கான தரநிலை எதுவும் கிடையாது. 5,000 என்றும் எழுதலாம், 10,000 என்றும் எழுதலாம். பார்க்க வேண்டியது "ஆர்எம்எஸ்" என்று குறிப்பிடப்படும் எண். அதுதான் தொடர்ச்சியாகக் கொடுக்கக்கூடிய சக்தி.

அதிலும் பெரிய எண் தேவையில்லை. ஒரு சாதாரண வீட்டு ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் கேட்கும் என்று பொருள். சாதாரணமாகப் பேசும் குரல் 60 டெசிபல் அளவில்தான் இருக்கிறது. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே 20 வாட் பெட்டிக்கும் 40 வாட் பெட்டிக்கும் இடையில் கேட்கும் வித்தியாசம் விலையில் உள்ள வித்தியாசத்தைவிட மிகச் சிறியது.

இதை நம்புவதற்குச் சிரமமாக இருந்தால் போர்க்கால யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். பற்றரிக்குத் தடை இருந்த 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவும் கசெட்டும் கேட்டார்கள். சாதாரண சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட்டைச் சுற்றி ஒரு வீடே உட்கார்ந்து செய்தி கேட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் 15 முதல் 25 வாட் ஆர்எம்எஸ் தாராளம்.

பிபிசியின் சின்னப் பெட்டி

சிறிய இடத்துக்குச் சிறிய பெட்டி என்பது வறுமைக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைக்கத் தேவையில்லை. நம்மில் பலர் போர்க்காலத்தில் சிற்றலையில் காத்திருந்து தமிழோசை கேட்ட அதே பிபிசியின் பொறியியலாளர்கள், 1970களின் முற்பகுதியில் இதே பிரச்சினையை எதிர்கொண்டார்கள். வெளியிட ஒலிபரப்புக்குப் போகும் வாகனங்களுக்குள் இடம் மிகக் குறைவு. அதற்குள் உட்கார்ந்து அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று கண்காணிக்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும்.

அவர்கள் வடிவமைத்ததுதான் எல்எஸ் 3/5ஏ. உயரம் 30 சென்ரிமீற்றர், அகலம் 19 சென்ரிமீற்றர், உள்ளே 5 லீற்றர் அளவு காற்று. காற்றுத் துளை இல்லாத மூடிய பெட்டி. பிபிசி தன் ஸ்பீக்கர்களைச் சோதித்தபோது மனிதக் குரலை முக்கியமான பரீட்சையாக வைத்திருந்தது. ஏனென்றால் வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் நம்மை ஏமாற்றலாம். பழகிய ஒருவரின் குரலில் ஏமாற்ற முடியாது. அந்தப் பெட்டியால் ஆழமான பேஸ் தர முடியாது, அதிக சத்தமும் தராது. ஆனாலும் 50 வருடங்கள் கடந்தும் அதைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள்.

அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் அதன் பாடம் எட்டும். 4 முதல் 5 அங்குல வூபரும் ஒரு சிறிய டுவீட்டரும் கொண்ட ஒரு சோடிப் பெட்டிகள், முடிந்தால் மூடிய வகை. இதைத்தான் தேட வேண்டும்.

எந்த வகை?

கடைகளில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

ஒற்றைப் புளூடூத் பெட்டி: விலை குறைவு, மின்தடையிலும் ஓடும். ஆனால் இடம், வலம் இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஸ்டீரியோ என்று சொல்ல முடியாது. சமைக்கும்போது வானொலி கேட்கப் போதும்.

2.1 செட்: இரண்டு சின்னப் பெட்டிகளும் ஒரு சப்வூபரும். பல மலிவான செட்களில் சின்னப் பெட்டிகள் மிகச் சிறியவை என்பதால் ஆண்குரலின் அடிப்பகுதிகூட சப்வூபரிலிருந்துதான் வருகிறது. குரல் இரண்டாகப் பிளந்து கேட்கும். லயத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்ப்ளிபயர் உள்ளே பொருத்தப்பட்ட ஒரு சோடிப் பெட்டிகள்: போனையோ தொலைக்காட்சியையோ நேரே இணைக்கலாம். வயர் குறைவு. புதிதாக வாங்குவோருக்கு இதுவே எளிய வழி.

தனி அம்ப்ளிபயரும் தனிப் பெட்டிகளும்: பழையதாக வாங்கினால் இதே பணத்துக்குச் சிறந்த ஒலி கிடைக்கும். ஒன்று பழுதானால் அதை மாத்திரம் மாற்றலாம். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய அம்ப்ளிபயரைத் தெரிவு செய்தால், மின்தடை நேரத்தில் 12 வோல்ட் பற்றரியிலும் இயக்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்ப்ளிபயர் தாங்கும் ஓம் அளவும் பெட்டியின் ஓம் அளவும் பொருந்துகின்றனவா என்று மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஓமுக்கென்று செய்த அம்ப்ளிபயரில் 4 ஓம் பெட்டியைப் போட்டால் அது சூடாகும்.

கசெட்டில் இருக்கும் குரல்

நம் வீடுகளில் ஸ்பீக்கர் வாங்குவதற்குச் சினிமாப் பாட்டைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் என் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கிளிநொச்சியிலிருந்து வந்த ஒருவர் கையில் அவர்கள் ஒரு கசெட் கொடுத்தனுப்பினார்கள். கடிதத்துக்குப் பதிலாக எல்லோரும் வரிசையாகப் பேசிப் பதிந்தது. அதில் அண்ணன் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறான். 2009க்குப் பிறகு அவனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தக் கசெட்டைப் பழைய ஒற்றைப் பெட்டி செட்டில் போட்டோம். குரல் அடைத்துக்கொண்டு கேட்டது. பிறகு அதே டெக்கை மூடிய வகைச் சின்னப் பெட்டிகள் இரண்டுடன் இணைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டேன். பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுல அவன் மூச்சு வாங்குறது கேக்குது மகள்" என்றார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆண்குரலின் அடிச்சுருதி 100 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே, பெண்குரலுடையது 200 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. ஆனால் சொல்லைச் சொல்லாக நமக்குப் பிரித்துத் தருபவை 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கும் மெல்லிய ஒலிகள். வீங்கிய பேஸ் அவற்றை மூடிவிடும். பேஸ் அடங்கிய பெட்டியில் அவை வெளியே வரும்.

அப்படியான கசெட் உங்கள் வீட்டிலும் இருந்தால் சில கவனங்கள் தேவை. மலைநாட்டு ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிப் பகுதி வழியாகப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தெரிந்தால் ஓடவிடாதீர்கள், துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், முதலில் டெக்கின் தலையை ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுவதுமாக முன்னுக்கும் பின்னுக்கும் ஓடவிடுங்கள். பிறகு முதல் தடவை போடும்போதே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், "வேவ்" கோப்பாக ஒன்றை வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு எம்பி3 பிரதி எடுக்கலாம். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

பெட்டிகளை வைக்கும் முறை

நல்ல பெட்டியையும் தவறான இடத்தில் வைத்தால் காசு வீண். இரண்டு பெட்டிகளுக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் இடையில் ஒரு சமபக்க முக்கோணம் அமைய வேண்டும். சிறிய அறையில் ஒவ்வொரு பக்கமும் 5 அடி இருந்தாலே போதும். டுவீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். அலுமாரிக்கு மேலே ஏற்றி வைப்பது நம் வழக்கம், அதைத் தவிருங்கள். மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். பின்புறம் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து ஓரடியாவது இடைவெளி விடுங்கள். முடியாவிட்டால் அந்தத் துளையை ஒரு காலுறையால் அடைத்துப் பாருங்கள். பேஸ் அடங்கும்.

பக்கத்துக் காம்பராவோடு பொதுவாக இருக்கும் சுவரில் ஒருபோதும் பெட்டியைச் சாய்த்து வைக்காதீர்கள். பெட்டிக்குக் கீழே பழைய செருப்பின் ரப்பரை வெட்டி நான்கு மூலைக்கும் வைத்தால் மேசை அதிராது. எதிர்ச்சுவரில் துணி நிரம்பிய கொடியோ கனமான திரைச்சீலையோ இருந்தால் எதிரொலி குறையும். தரையில் ஒரு பாய் விரியுங்கள்.

சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது பேஸ் குறைவாகத் தோன்றும். அது பெட்டியின் குறை அல்ல. மனிதக் காதின் இயல்பு. பேஸ் திருகியை ஒரு சிறிது கூட்டினால் சரி. தகரத்தில் மழை கொட்டும்போது சத்தத்தைக் கூட்டுவதைவிடக் கதிரையைப் பெட்டிக்கு அருகில் இழுப்பது நல்லது. தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும். அயலவருக்கு எதுவும் கூடாது.

ஈரமும் இடியும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். பனியும் மழையும் மாதக்கணக்கில் விடாத இந்தப் பிரதேசத்தில் ஸ்பீக்கர்கள் சீக்கிரம் மூப்படைகின்றன. கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஸ்பஞ்சாக இருந்தால் காலப்போக்கில் உதிர்ந்து போகும். ரப்பர் வளையமே நமக்கு ஏற்றது. மரத்தூள் பலகையால் செய்த பெட்டி ஈரம் குடித்தால் ஊதும். தரையில் வைக்க வேண்டாம்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழமை. ஆளியை அணைத்தால் மாத்திரம் போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பழையது வாங்குவோருக்கு

ஹட்டனில் ரேடியோ திருத்தும் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "தங்கச்சி, பேரைப் பாக்காதீங்க, தூக்கிப் பாருங்க." கனமான பெட்டியில் பலகையும் காந்தமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவரிடம் கற்ற மற்றச் சோதனைகள் இவை.

வலையைக் கழற்றி வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். உதிர்ந்தால் வேண்டாம். கூம்பை இரு விரல்களால் மெல்ல உள்ளே அழுத்தினால் உரசல் சத்தம் வரக்கூடாது. 1.5 வோல்ட் பற்றரியின் நேர்முனையை வூபரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையை கறுப்பிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். மீற்றர் வைத்து அளந்தால் 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 6 ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வயர் கொடுக்கும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பெட்டியில் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது.

கடையில் எதைக் கேட்டுப் பார்ப்பது?

கடைக்காரர் போடும் பாட்டில் முடிவெடுக்காதீர்கள். உங்கள் போனில் நான்கு விடயங்களைக் கொண்டுபோங்கள்.

ஒன்று, உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பேச்சு. வீட்டில் ஒருவரைப் பேசவைத்துப் பதிந்தாலே போதும். அது அவர் குரல் போலவே கேட்கிறதா?

இரண்டு, தவில். யாழ்ப்பாணத்து வி. தெட்சணாமூர்த்தியின் பதிவு கிடைத்தால் மிக நல்லது. அந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழ வேண்டும். மங்கலான பெட்டியில் எல்லாம் ஒரே உருட்டலாகிவிடும்.

மூன்று, தப்பு. காமன் கூத்தில் பதிந்த ஒன்று போனில் இருந்தால் போடுங்கள். தோலில் குச்சி படும் சுளீர் என்ற ஒலிதான் தப்பின் உயிர். அது டுவீட்டரின் பரீட்சை.

நான்கு, ஒரு பழைய பாட்டும் ஒரு புதிய பாட்டும். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை 1978இல் வந்த "பிரியா" படத்தினுடையவை. அதற்கு முந்திய, இலங்கை வானொலியில் நாம் கேட்டு வளர்ந்த பாடல்களில் பெரும்பாலானவை மோனோ. அவை இரண்டு பெட்டிகளுக்கும் சரி நடுவில் நின்று ஒலிக்க வேண்டும். அப்படி நின்றால் இரண்டு பெட்டிகளும் பொருந்தியிருக்கின்றன என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் மிகக் குறைந்த சத்தத்திலேயே கேளுங்கள். சத்தத்தைக் கூட்டிய பிறகுதான் நன்றாக இருக்கிறது என்றால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கு உரியது அல்ல.

எவ்வளவு செலவழிக்கலாம்?

தோட்டத்துக் கணக்கு "பேர்" கணக்கு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது; அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் கையில் வந்தது 1,242 ரூபா. அந்தச் சம்பளத்தில் 20,000 ரூபாப் பெட்டி ஒன்று 16 பேருக்கு மேல். வேறு எதையும் வாங்காமல், சாப்பிடாமல். தவணைக்கு வாங்குவதானால் மொத்தமாகக் கட்டும் தொகையை முதலில் கூட்டிப் பார்த்து, அது எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள். அதன் பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள். உழைப்பவருக்குப் பாட்டுக் கேட்கும் உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பணம் ஒரு காரியத்துக்குத்தான் காணும் என்றால், அதுவும் வீட்டில் யாருடையதாவது குரல் பதிந்த கசெட் இருக்கிறது என்றால், முதலில் அதைப் படியெடுக்கச் செலவழியுங்கள். ஸ்பீக்கரை அடுத்த வருடம் வாங்கலாம். நாடாவுக்கு அந்த அவகாசம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.